வத்தலக்குண்டு வெயிலும் ஆறு கிராபிக்ஸ் கார்டும்

வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர். காமக்காப்பட்டியில் மலையேறத் தொடங்கும் பேருந்து டம்டம் பாறையைத் தாண்டும்போதே ஜன்னல் காற்று மாறிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற பள்ளிக் கணக்கின்படி, கீழுக்கும் மேலுக்கும் ஏறக்குறைய 12 டிகிரி வித்தியாசம். கிரிப்டோ நாணயத்துக்காக இரவு பகலாக ஓடும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மேலே கொண்டுபோய் வைத்தால் என்ன கிடைக்கும்? விடை பலர் நினைப்பதுபோல் இல்லை. அதற்கு முன், அந்தக் கார்டு என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

வீட்டில் கிராபிக்ஸ் கார்டு வைத்து மைனிங் செய்தவர்களில் பெரும்பாலோர் தேடியது பிட்காயினை அல்ல, ஈத்தரியத்தை. 2015இல் தொடங்கிய அந்த வலைப்பின்னல் 'ஈத்தாஷ்' என்ற கணக்கு முறையை வேண்டுமென்றே நினைவகத்தோடு கட்டிப்போட்டிருந்தது. பல ஜிபி அளவுள்ள ஒரு தரவுக் கோப்பைக் கார்டு தன் மெமரியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஹாஷுக்கும், அதாவது ஒவ்வொரு கணக்கு முயற்சிக்கும், அந்தக் கோப்பின் 64 இடங்களில் இருந்து தலா 128 பைட் எடுத்துவர வேண்டும். பெருக்கினால் 8,192 பைட். அந்தக் கோப்பும் சும்மா இருக்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. 2020 டிசம்பரில் அது 4 ஜிபியைத் தாண்டியபோது, 4 ஜிபி கார்டுகள் அந்த வேலைக்கு உதவாமல் போயின.

ஆர்டிஎக்ஸ் 3070 கார்டின் மெமரி நொடிக்கு 448 ஜிபி தரவைத் தரக்கூடியது. அதை 8,192ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 54.7 மெகாஹாஷ் (ஒரு மெகாஹாஷ் என்பது பத்து லட்சம் ஹாஷ்). கார்டின் மையச் சில்லு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும், மெமரியின் வேகம் மாறாதவரை இந்த எண்ணைத் தாண்ட முடியாது. கல்யாணப் பந்தியில் சமையல்காரர் எத்தனை வேகமாகச் சமைத்தாலும், பரிமாறுகிறவர்கள் நான்கு பேர்தான் என்றால் இலையில் சோறு விழும் வேகம் அந்த நான்கு பேரின் வேகம்தான்.

அமைப்புகளைத் திருத்துகிற கலை இங்கேதான் பிறக்கிறது. விளையாட்டுக்காகக் கார்டை முடுக்கிப் பழகியவர்கள் முதலில் மையச் சில்லின் வேகத்தை, அதாவது கோர் கிளாக்கைக் கூட்டினார்கள். மின்சாரம்தான் கூடியது, ஹாஷ் நகரவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் தலைகீழாகச் செய்தார்கள்: கோரின் வேகத்தைக் குறைத்தார்கள், அதன் வோல்டேஜையும் இறக்கினார்கள், மெமரியை மட்டும் கூட்டினார்கள். சில்லின் ஓட்டத்துக்குச் செலவாகும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் மாறும். 1.05 வோல்ட்டில் 1,900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கோரை 0.75 வோல்ட், 1,200 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால், அதன் இயக்கச் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். 220 வாட் வரை இழுக்கும்படி வடிவமைத்த 3070 கார்டு, இப்படித் திருத்தியபின் சுமார் 120 வாட்டில் 60 மெகாஹாஷைத் தொட்டது. பாதிச் செலவில் அதிக விளைச்சல். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, சும்மா நின்றிருந்த சமையல்காரரின் சம்பளத்தைக் குறைத்ததுதான்.

மெமரியையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்ட முடியாது. ஓரளவுக்கு மேல் போனால் எடுத்துவரும் தரவில் பிழை விழும். பிழையைக் கண்டு மறுபடி அனுப்பச் சொல்லும் ஏற்பாடு இந்த மெமரிகளில் இருக்கிறது. அதனால் கார்டு உடனே படுத்துவிடாது. எண்ணைக் கூட்டிக்கொண்டே போவோம், ஹாஷ் ஏறாது, ஒரு கட்டத்தில் இறங்கவே தொடங்கும். அங்கிருந்து சில படி பின்வாங்குவதுதான் கைப்பழக்கம்.

இனி வத்தலக்குண்டுக்கு வருவோம். அங்கே ஒருவர் மாடி அறையில் ஆறு 3070 கார்டுகளை வைத்திருந்தார் என்று கற்பனை செய்துகொள்வோம். திருத்திய ஆறு கார்டு 720 வாட். இரண்டு மாதம், அதாவது 60 நாள் நிறுத்தாமல் ஓடினால் 1,037 யூனிட். திருத்தாமல் முழு 220 வாட்டில் விட்டால் 1,901 யூனிட். 2022 செப்டம்பர் 10இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாயாக இருந்தது. இரண்டு பில்லுக்கும் இடையிலான 864 யூனிட்டும் அந்த உச்சப் படியில் விழுகிறது. வித்தியாசம் 9,504 ரூபாய். இதில் வீட்டு ஃபிரிட்ஜையும் ஃபேனையும் நான் சேர்க்கவில்லை. வருமானம் பார்க்கிற வேலைக்கு வீட்டு இணைப்பு போதுமா என்ற கேள்வியையும் இங்கே கிளறவில்லை.

வருமான வரிக் கணக்கு இன்னும் கசப்பு. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்தை விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. மைனிங் கட்டமைப்புக்கான செலவை வாங்கிய விலையாகக் கருத முடியாது என்று அந்த மார்ச்சிலேயே மக்களவையில் அரசு சொல்லிவிட்டது.

சரி, கொடைக்கானல்? மலைக்காற்று குளிர்ந்திருக்கிறது, ஆனால் மெலிந்தும் இருக்கிறது. 2,100 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு. குளிர்ச்சியால் அடர்த்தி சற்று ஈடானாலும், விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் நிறை வத்தலக்குண்டைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்துவிடும். வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவது காற்றின் நிறைதான், கொள்ளளவு அல்ல. கீழே அறை வெப்பத்தைவிட 35 டிகிரி சூடாக ஓடும் கார்டு, மேலே அதே விசிறி வேகத்தில் 39 டிகிரி வரை மேலே நிற்கும். 12 டிகிரி லாபத்தில் நான்கு போக மிஞ்சுவது எட்டு. அதுவும் நல்ல லாபம்தான். சில்லு குளிர்ந்தால் கசியும் மின்னோட்டமும் குறையும். ஆனால், வோல்டேஜைத் திருத்திக் கிடைத்த நூறு வாட்டின் பக்கத்தில் அது சில்லறை. கொடைக்கானல் மூடுபனியைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஓடுகிற கார்டு சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் படியாது. கரண்ட் போய்க் கார்டு ஆறிய பிறகு பனி அறைக்குள் புகும்போதுதான் கவனம் வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே நாளில் பழங்கதை ஆனது. புதிய மின்கட்டணம் வந்த ஐந்தாம் நாள், 2022 செப்டம்பர் 15இல், ஈத்தரியம் மைனிங்கையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. அந்த வலைப்பின்னலின் மின்செலவு 99.9 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. வேலையிழந்த கார்டுகள் ஈத்தரியம் கிளாசிக், ரேவன்காயின் என்று சின்ன நாணயங்களின் பக்கம் கூட்டமாக ஓட, அங்கேயும் தலைக்குக் கிடைத்த பங்கு தேய்ந்தது. அன்றைய யூனிட் 11 ரூபாய்க் கட்டணத்திலேயே அதைத் தொடர்வது எந்தக் கணக்கிலும் கட்டாது என்பதே என் முடிவு.

கற்ற வித்தை மட்டும் வீணாகவில்லை. இன்று அதே 3070 கார்டில் சிறிய மொழி மாதிரி ஒன்றை வீட்டிலேயே ஓட்டலாம். ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கும்போதும் மாதிரியின் எடைகள் எனப்படும் எண்கள் முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படிக்க வேண்டும். 4 ஜிபிக்குச் சுருக்கிய மாதிரி என்றால், 448ஐ நான்கால் வகுத்து நொடிக்கு 112 துண்டு என்பதே உச்சம். மறுபடியும் மெமரிதான் எல்லை. ஆகவே இங்கும் பவர் லிமிட்டைக் கணிசமாக இறக்கினாலும் வேகம் அதிகம் அடிபடாது. ஒரே ஒரு வேறுபாடு. மைனிங்கில் பிழையான விடையை, பலர் சேர்ந்து உழைக்கும் மைனிங் குழு நிராகரித்துவிடும், நட்டம் அந்த ஒரு விடையோடு போகும். மொழி மாதிரியில் தவறிய ஒரு எண்ணை யாரும் நிராகரிப்பதில்லை, அது பதிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய மைனிங் கார்டை வாங்கி இந்த வேலைக்கு வைப்பவர், முந்தையவர் போட்ட மெமரி ஓவர்கிளாக்கை முதலில் எடுத்துவிட்டு, கோர் பக்கத் திருத்தங்களை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.