கர்ப்பகால அரிப்பு

கர்ப்பகால அரிப்பு என்பது கருவுற்ற பெண்களுக்குத் தோலில் ஏற்படும் நமைச்சலைக் குறிக்கும். வயிற்றுத் தோல் விரிவதாலும் வறட்சியாலும் பலருக்கு இலேசான அரிப்பு உண்டாவது இயல்பே. எனினும் கர்ப்பத்திற்கே உரிய சில நோய்களும் அரிப்பாகவே வெளிப்படுகின்றன. இவற்றுள் மிகுந்த கவனத்துக்கு உரியது, தோலில் தடிப்பு ஏதும் இன்றி வரும் அரிப்பு ஆகும்.

== தடிப்புடன் வரும் அரிப்பு ==

பரவலாகக் காணப்படுவது ஒவ்வாமை சார்ந்த தோல் அழற்சி. முதற்கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் சிலருக்கு வயிற்று வரிகளில் சிவந்த தடிப்புகள் தோன்றும். கொப்பூழைச் சுற்றிய இடம் மட்டும் தப்பிவிடும். இவ்விரண்டாலும் குழந்தைக்குத் தீங்கில்லை. மாறாக, கொப்பூழைச் சுற்றித் தொடங்கிக் கொப்புளங்களாக மாறும் அரிய தன்னெதிர்ப்பு நோய் ஒன்றும் உண்டு. இது குறைமாதப் பிறப்புக்குக் காரணமாகலாம்.

== பித்தத்தேக்கம் ==

கல்லீரலிலிருந்து பித்தம் சரிவர வெளியேறாமல், பித்த அமிலங்கள் குருதியில் மிகுவதால் இந்நிலை உண்டாகிறது. கர்ப்பகால இயக்குநீர்களும் மரபுக்கூறுகளும் இதற்குக் காரணங்களாகும். பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்புத் தொடங்கி இரவில் கடுமையாகும். சொறிந்த கீறல்களைத் தவிரத் தோலில் வேறெதுவும் தெரியாது. சிலருக்குச் சிறுநீர் அடர்நிறமாகும்.

இந்நோய் சிலி நாட்டில் மிகுதி. பிரித்தானியாவில் கர்ப்பிணிகளில் சுமார் 0.7% பேருக்கு வருகிறது; அங்குள்ள இந்திய, பாக்கிசுத்தானிய வழியினரிடம் இது 1.2 முதல் 1.5% ஆகும். ஆகவே தமிழர்கள் இதனை அயல்நாட்டு நோய் என ஒதுக்க இயலாது.

தாம்பரம், காட்டாங்குளத்தூர் போன்ற சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் கோடைக்கால அரிப்பைச் "சூடு" என்றோ வேர்க்குரு என்றோ கருதி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது வழக்கம். ஆனால் வேர்க்குரு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவதில்லை. பிரித்தறிய இந்த ஓர் அடையாளமே பெரிதும் உதவும்.

== ஆபத்தும் மருத்துவமும் ==

2019 இல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழ் இருந்தவர்களில் குழந்தை இறந்து பிறந்தது 0.13% மட்டுமே. இது மற்றக் கர்ப்பிணிகளின் நிலையை ஒத்ததே. 100 மைக்ரோமோலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் இது 3.44% ஆனது. இவ்விறப்பு திடீரென நிகழ்வதால், ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி நன்றாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது. குருதிச் சோதனையே வழிகாட்டும். அளவு 100ஐத் தாண்டினால் 35-36 ஆவது வாரத்திலேயே மகப்பேற்றை நிகழ்த்துவது குறித்து மருத்துவர்கள் முடிவெடுப்பர்.

அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை நெடுங்காலமாகத் தரப்படுகிறது. 605 பெண்களிடம் பிரித்தானியாவில் நடந்து 2019 இல் வெளியான சோதனையில், அரிப்பு சிறிதளவே குறைந்தது. குழந்தைக்கு நேரும் இடர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை.

மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களில் நோய் முற்றிலும் நீங்கிவிடும். அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோசன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் அரிப்பை மீளத் தூண்டக்கூடும் என்பதால், முன்பு இந்நோய் வந்ததை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.