கட்டுப்பாடும் கொள்ளை நோயும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள புக்கிட் பாத்தோக் என்னும் நகருக்கு அப்பெயர் வந்த காரணத்தைப் பலரும் பலவாறு கூறுவர். 'புக்கிட்' என்பது மலாய் மொழியில் குன்றைக் குறிக்கும். 'பாத்தோக்' என்பதைத் தேங்காயோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. மலாயில் 'பாத்துக்' என்றால் இருமல். ஆகவே, கருங்கல் குவாரிகளில் வெடி வைத்த ஓசை குன்றே இருமுவதுபோல் கேட்டதால் இப்பெயர் ஏற்பட்டது என்பாரும் உளர். பெயர்க்காரணம் எதுவாயினும், 2020ஆம் ஆண்டில் இருமல் என்ற சொல்லே இந்நகர மக்களுக்கு அச்சம் தருவதாயிற்று.

அவ்வாண்டு ஜனவரி 23ஆம் நாள் சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 நோயாளி கண்டறியப்பட்டார். பின்னர் அரசாங்கம் பல கட்டுப்பாடுகளை விதித்தது. மக்களும் பெரும்பாலும் அவற்றுக்கு இணங்கி நடந்தனர். ஆயினும், ஒரே தீவில், ஒரே காலத்தில், ஓரிடத்தில் நோய் அடங்கிற்று, மற்றோரிடத்தில் பெருகிற்று. இதன் காரணத்தை ஆராய்வது பயனுடையதாகும்.

ஒரு நோயாளி எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பது மூன்று செய்திகளைப் பொறுத்தது. அவர் நாள்தோறும் எத்தனை பேரோடு நெருங்கிப் பழகுகிறார் என்பது ஒன்று. ஒவ்வொரு நெருக்கத்திலும் கிருமி தாவும் வாய்ப்பு எவ்வளவு என்பது இரண்டு. கிருமியைப் பரப்பும் நிலையில் அவர் எத்தனை நாள் பிறரோடு கலந்திருக்கிறார் என்பது மூன்று. ஊரடங்கு முதலாவதைக் குறைக்கிறது. முகக்கவசம் இரண்டாவதைக் குறைக்கிறது. சோதனையும் தனிமைப்படுத்தலும் மூன்றாவதைக் குறைக்கின்றன.

இக்குறைப்பு சிறிதாயினும் விளைவு பெரிது. ஒருவர் இருவருக்குக் கொடுத்து, அவ்விருவரும் ஆளுக்கு இருவருக்குக் கொடுத்தால், பத்தாவது சுற்றில் 1,024 பேர் நோயுறுவர். மாறாக, பத்து நோயாளிகள் சேர்ந்து ஏழு பேருக்கே கொடுக்கும் நிலை உண்டானால், 1,000 நோயாளிகளில் தொடங்கிய தொடர் பத்தாவது சுற்றில் 28 பேராகச் சுருங்கிவிடும்.

எந்தக் கட்டுப்பாடு பயன் தரும் என்பதை நோயின் இயல்பே முடிவு செய்கிறது. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைப் பற்றி, 33 பேரின் உயிரைக் கவர்ந்தது. அந்நோய் பெரும்பாலும் காய்ச்சல் கண்ட பின்னரே பிறருக்குப் பரவிற்று. ஆதலால் உடல் வெப்பத்தை அளந்து நோயாளியைப் பிரித்துவிடுவது பெரிதும் கைகொடுத்தது. பள்ளிப் பிள்ளைகளும் வெப்பமானியும் கையுமாக இருந்தனர். கொவிட்-19 அத்தகையதன்று. அறிகுறி தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்பே அது பரவத் தொடங்கும். நலமாக இருப்பதாக எண்ணுபவரும் நோயைக் கொடுக்கக்கூடும் என்றால், வெப்பமானி மட்டும் போதாது என்பது தெளிவு. நோயுற்றவர்கள் மட்டும் முகக்கவசம் அணிந்தால் போதும் என்று முதலில் கூறிய அரசாங்கம், 2020 ஏப்ரல் 3ஆம் நாள் அந்த அறிவுரையை மாற்றிக்கொண்டதும், ஏப்ரல் 14 முதல் அதனைக் கட்டாயமாக்கியதும் இதனாலேயே. அணியாதவருக்கு முதல் தடவை 300 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய் முறியடிப்புக் காலமாயிற்று. பெரும்பாலான வேலையிடங்கள் மூடப்பட்டன. உணவகங்களில் அமர்ந்து உண்ணலாகாது. வேறு வீட்டினரைச் சந்திக்கலாகாது. புக்கிட் பாத்தோக்கின் அடுக்குமாடி வீடுகளில் இவ்விதி பொருள் உடையதாயிருந்தது. கதவைச் சாத்தினால் ஒரு குடும்பத்தின் தொடர்பு நான்கைந்து பேரோடு நின்றுவிடும்.

சட்டத்தின் கண் எட்டாத இடங்களில் மக்களின் ஒழுக்கமே காவலாயிற்று. 2020 நவம்பர் 14ஆம் நாள் வந்த தீபாவளிக்கு ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினரே வரலாம் என்பது விதி. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் அதிகாரியை நிறுத்தி எண்ணிப் பார்க்க இயலுமா? உறவினரை 'அடுத்த ஆண்டு வாருங்கள்' என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்ட இல்லத்தாரே அவ்விதியை நடைமுறைப்படுத்தினர். 2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் காவடியும் இல்லை, பாத ஊர்வலமும் இல்லை. நேர்த்திக்கடனை ஓராண்டு தள்ளிவைப்பது பக்தருக்கு எளிதன்று, ஆயினும் தள்ளிவைத்தனர். 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஊழியர் விடுதிகளுக்கு வெளியே புதிய உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இல்லாத நாள்கள் பல இருந்தன.

விடுதிகளின் நிலையோ வேறு. புக்கிட் பாத்தோக்கை அடுத்த தோ குவான் வட்டாரத்து விடுதி ஒன்றும், பொங்கோலில் உள்ள விடுதி ஒன்றும் 2020 ஏப்ரல் 5ஆம் நாள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 20,000 வெளிநாட்டு ஊழியர்கள் இருந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோரும் அவர்களுள் அடங்குவர். அத்தகைய விடுதிகளில் ஓர் அறையில் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை அடுக்குக் கட்டில்களில் உறங்கினர். கழிப்பறையும் சமையலறையும் பொது. 'வீட்டிலேயே இருங்கள்' என்ற கட்டளை, அடுக்குமாடியில் தொடர்பைக் குறைத்தது. விடுதி அறையில் நோயுற்றவரையும் நலமானவரையும் ஒரே காற்றில் அடைத்து வைத்தது. அங்கே ஒருவர் எவ்வளவு ஒழுக்கத்தோடு நடந்துகொண்டாலும், மேற்கட்டிலுக்கும் கீழ்க்கட்டிலுக்கும் இடையே உள்ள தூரத்தை அவரால் கூட்ட முடியாது. இதனை உணர்ந்தே அரசாங்கமும் நலமான ஊழியர் பலரை இராணுவ முகாம்களுக்கும் காலியாயிருந்த அடுக்குமாடி வீடுகளுக்கும் மாற்றியது. எனினும் அவ்வாண்டு இறுதிக்குள், விடுதிகளில் வாழ்ந்த சுமார் 323,000 பேரில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தது சோதனைகளால் தெரியவந்தது.

இவ்வேறுபாட்டைக் கண்டு, விடுதியில் வாழ்ந்தோர் கவனக்குறைவானவர்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. கட்டளை ஒன்றே, அதனைக் கடைப்பிடிக்கும் இடமே வேறு. சுமையும் சமமாக இல்லை. நகரத்தாருக்கு 2020 ஜூன் 19 முதலே கடைகளும் உணவகங்களும் திறந்தன. விடுதி ஊழியருக்கோ, வேலைக்கும் பொழுதுபோக்கு நிலையங்களுக்கும் அப்பால் வெளியே செல்ல நெடுங்காலம் வழியில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டோரில் வாரத்துக்கு 500 பேர் வரை குறித்த சில இடங்களுக்குச் சென்றுவரும் முன்னோடித் திட்டம் 2021 செப்டம்பரில்தான் தொடங்கிற்று; அவ்விடங்களுள் லிட்டில் இந்தியாவும் ஒன்று. வெளியே செல்வதற்கான அனுமதிச்சீட்டு முறை நீங்கியது 2022 ஜூன் 24ஆம் நாள்.

2021ஆம் ஆண்டில் புதிய விடுதிகளுக்கென மேம்பட்ட விதிகள் வகுக்கப்பட்டன. ஓர் அறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் இருத்தலாகாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். இவ்விதிகளும் கொள்ளை நோய்த் தடுப்பே ஆகும். ஊரடங்கு நோய் வந்தபின் செய்வது. இடவசதி நோய் வருமுன் செய்வது. அரசாங்கம் கட்டளையிடலாம், குடிமக்கள் அதற்கு இணங்கலாம்; ஆனால் இணங்கி நடப்பதற்கு வேண்டிய இடத்தையும் காற்றையும் முன்கூட்டியே அளித்தால்தான் அக்கட்டளை எல்லாரையும் ஒருங்கே காக்கும்.