பெட்டியைப் பிரிக்கிற கத்தி விரலைப் பிரிக்குது! கடைப் பையன்களே, உஷார்!!

சென்னையில் கத்திக்குத்து என்றால் போலீஸ் வரும். பேப்பரில் செய்தி வரும். ஆனால் கடைக்குள்ளேயும் கோடவுனுக்குள்ளேயும் நடக்கிற கத்திக்குத்துக்குப் போலீசும் வருவதில்லை, செய்தியும் வருவதில்லை. காரணம், கத்தி பிடித்த கையும் அவருடையதுதான், குத்துப்பட்ட கையும் அவருடையதுதான்!

பாரிமுனை கோடவுன் தெருவில் ஜவுளிக் கட்டு. ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் பெட்டி. தி.நகரில் பாத்திரம், பிளாஸ்டிக். எந்தச் சரக்கு வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். டேப்பை அறுக்கணும், பட்டையை வெட்டணும், அட்டைப் பெட்டியைத் திறக்கணும். அதற்குக் கையில் எது கிடைக்குதோ அதுதான் ஆயுதம். உடைந்த ஆக்சா பிளேடைச் சாணை பிடித்து, ஒரு முனையில் துணியைச் சுற்றினால் கத்தி ரெடி! அது இல்லாவிட்டால் ஷேவிங் பிளேடு. அதுவும் இல்லாவிட்டால் பல்!

நரம்பு அறுந்தது

வடசென்னையில் ஒரு ஜவுளிக்கடை. பையனுக்கு வயது 19. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். தீபாவளி சரக்கு வந்து குவிந்திருந்தது. இடது கையால் பெட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கத்தியைத் தன் பக்கமாக இழுத்தான். தடித்த அட்டையில் சிக்கிய கத்தி, சட்டென்று விடுபட்டது. இடது ஆள்காட்டி விரலின் அடியில் பாய்ந்தது.

"ரத்தம் நின்னுடுச்சுண்ணே. மஞ்சத்தூள் வெச்சு துணி சுத்திட்டு சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தேன். மறுநா பார்த்தா விரலை மடக்க முடியல" என்றான் பையன்.

விரலை மடக்குகிற தசைநார் அறுந்துபோயிருந்தது. ஜனங்கள் இதைத்தான் 'நரம்பு' என்கிறார்கள். மேல் தோலைத் தைத்தால் மட்டும் இது சரியாகாது. ஆபரேஷன் செய்து நாரை இணைக்கணும். அப்புறம் பல வாரம் பயிற்சி. நாள் கடத்தக் கடத்த வைத்தியம் கஷ்டம். இப்போது அந்த விரல் பாதிதான் மடங்குகிறது. பட்டன் போடவே சிரமப்படுகிறான் பையன்.

"பெட்டிக்குள்ள இருக்கிற சட்டை கிழிஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க. விரல் கிழிஞ்சா யாருகிட்டண்ணே பிடிக்கிறது?" என்று அவன் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை.

சாக்லேட் கொடுத்த யோசனை

தேயத் தேய ஒடித்துவிட்டுப் புதுமுனை எடுக்கிற கட்டர் எல்லாக் கடையிலும் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் ஒசாகா நகரத்துக்காரர் யோஷியோ ஒகாடா. வருஷம் 1956. கோடு போட்ட சாக்லேட் கட்டி, கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்து வந்த யோசனையாம்! காகிதம் வெட்ட அருமையான கருவி. ஆனால் கடைகளில் என்ன செய்கிறார்கள்? பிளேடை முழு நீளத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு தடித்த பெட்டியை அறுக்கிறார்கள். பக்கவாட்டில் வளைத்தால் பிளேடு பட்டென்று முறியும். துண்டு கண்ணுக்கும் பறக்கலாம்.

டேப்பை அறுக்கச் சில மில்லி மீட்டர் நீளம் போதும். அதற்கு மேல் வெளியே நிற்கிற பிளேடு, சரக்கையோ சதையையோதான் அறுக்கும்.

எந்த வேலைக்கு எந்தக் கத்தி?

டேப், பிளாஸ்டிக் பட்டை, சுற்றி வருகிற பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றுக்கு 'மறைவு பிளேடு' கத்தி. பறவை மூக்கு மாதிரி இருக்கும். அதன் இடுக்குக்குள்ளே பிளேடு ஒளிந்திருக்கும். பட்டை உள்ளே போகும், விரல் போகாது! உள்ளே இருக்கிற துணியையும் கிழிக்காது.

தடித்த அட்டைப் பெட்டிக்குத் தானே உள்ளே போகிற கத்தி. ஸ்பிரிங் வைத்தது. விசையைத் தள்ளிப் பிடித்திருக்கிற வரைக்கும்தான் பிளேடு வெளியே நிற்கும். விட்டால் உள்ளே ஓடிவிடும். இன்னொரு வகையில், வெட்டு முடிந்து பிளேடு அட்டையை விட்டு விலகியதுமே உள்ளே போய்விடும். விசையை விட மறந்தாலும் பயமில்லை.

பீங்கான் பிளேடும் வந்திருக்கிறது. துருப்பிடிக்காது. முனை உருண்டையாக உள்ளதைப் பார்த்து வாங்கலாம். ஆனால் நெம்பினால் உடையும்.

இரும்புப் பட்டைக்குக் கத்தியே கூடாது. அதற்கென்று பட்டை வெட்டுகிற கத்தரி இருக்கிறது. விறைப்பாகக் கட்டிய பட்டை அறுந்ததும் சாட்டை மாதிரி வீசும். நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டணும்.

30 வருஷம் மூட்டை பார்த்த ஒரு மேஸ்திரியிடம் கேட்டோம். "தம்பி, கத்தி உன் பக்கம் வரக் கூடாது. கத்தி போற வழியில இன்னொரு கை இருக்கக் கூடாது. மொன்னைக் கத்திதான் ஆளை வெட்டும். அமுக்க அமுக்கத்தான் வழுக்கும்" என்றார். பிளேடு மழுங்கியதும் மாற்றிவிட வேண்டும் என்பதும் அவர் பேச்சில் அடக்கம்.

குப்பையில் காத்திருக்கும் எமன்

பழைய பிளேடு எங்கே போகிறது? நேரே குப்பைத் தொட்டிக்கு! அதைக் கையால் அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளியின் உள்ளங்கைதான் அடுத்த பலி. மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பா வையுங்கள். பழைய பிளேடுகளை அதில் போட்டு, நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

பட்டுவிட்டால்?

மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். விரல் மடங்கவில்லை, நீட்ட முடியவில்லை, மரத்துப் போகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. விரலே துண்டானால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப் போங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக்கூடாது. அவசரத்துக்கு 108. ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ரணஜன்னி தடுப்பூசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விரலுக்கு விலை என்ன?

கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போச்சு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் போச்சு என்று 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்குப் போட்டது. வேலையில் அடிபட்டால் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்பது அன்றே வந்த விதி. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் வைத்தியமும் உதவித் தொகையும் அதன் மூலம் கேட்கலாம். ஆனால் 'கடையில் பட்டது' என்று அன்றைக்கே எழுத்தில் பதிய வேண்டும். 'வீட்டில் காய் நறுக்கும்போது பட்டது' என்று யாராவது சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள்!

முதலாளிமார்களே! மறைவு பிளேடு கத்தி ஒன்றின் விலை, உங்கள் கடையில் கிழிந்து வீணாகிற ஒரு சட்டையின் விலைகூட வராது. ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆக்சா பிளேடுகளைப் பொறுக்கி இன்றைக்கே பழைய இரும்புக்குப் போடுங்கள். சரக்கு இன்று போனால் நாளைக்கு வரும். விரல் போனால் வராது!