தலைகளா, சம்பளச் சீட்டுகளா?

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பெரும்பாலும், அமெரிக்காவிலிருந்து ஓர் எண் வெளிவரும். வாஷிங்டனில் அப்போது காலை எட்டரை மணி. நமக்கு மாலை டீ நேரம் தாண்டி ஆறோ ஏழோ ஆகியிருக்கும். அடுத்த சில நொடிகளில் டாலர் அசையும், தங்கம் அசையும். வணிகச் செய்திகளில் இதை 'நான்-ஃபார்ம் பேரோல்' என்பார்கள்.

பேரோல் என்பது சம்பளப் பட்டியல். நான்-ஃபார்ம் என்றால் பண்ணை நீங்கலாக. பண்ணையை ஏன் விட்டார்கள்? அறுவடைக்குக் கூடும் ஆட்கள் மறுமாதம் கலைந்துவிடுவார்கள். சொந்த நிலத்தில் பாடுபடும் குடும்பத்துக்குச் சம்பளப் பட்டியலே கிடையாது. இல்லாத பட்டியலை எப்படி எண்ணுவது? தனியாகச் சொந்தத் தொழில் செய்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், ராணுவத்தினர் ஆகியோரும் இதில் வருவதில்லை.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். 'ஒன்றரை லட்சம் வேலைகள் கூடின' என்று படித்ததும், ஒன்றரை லட்சம் பேருக்குப் புதிதாக வேலை கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கணக்கு ஆட்களை எண்ணுவதே இல்லை. ஒரு பெண் காலையில் பேக்கரியிலும் மாலையில் மருந்துக் கடையிலும் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ஏறத்தாழ 1,20,000 நிறுவனங்களையும் அரசு அலுவலகங்களையும் கேட்கிறது: 12-ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்தில் உங்கள் பட்டியலில் எத்தனை பேர்? பேக்கரி அவரைச் சொல்லும், மருந்துக் கடையும் சொல்லும். ஒருவர், இரண்டு வேலை. அந்தக் காலத்தில் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் கணக்கில் உண்டு. அதோடு, 'கூடியது' என்பது சேர்ந்த வேலைகளிலிருந்து போனவற்றைக் கழித்த மிச்சம்தான்.

அதே நாளில் வரும் வேலையின்மை விகிதமோ வேறு கணக்கு. அதற்குச் சுமார் 60,000 வீடுகளில் விசாரிக்கிறார்கள். அங்கே நம் பேக்கரிப் பெண் ஒரே ஆள். அதனால்தான் வேலைகள் கூடிய மாதத்திலேயே வேலையின்மையும் கூடுவதுண்டு. முரண் ஒன்றுமில்லை; ஒன்று கடை வாசலில் எண்ணியது, மற்றது வீட்டு வாசலில்.

சில நிறுவனங்களின் பதில் தாமதமாக வருவதால், முதல் எண்ணை அடுத்த இரண்டு மாதங்களிலும் திருத்துவார்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்வார்கள். 2024 மார்ச் மாதக் கணக்கில் 8,18,000 வேலைகள் மிகையாக இருக்கலாம் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் துறையே அறிவித்தது. ஆகவே புது எண்ணைக் கேட்டதும் நகைக்கடைக்குக் கிளம்பிவிடாமல், போன இரு மாத எண்களை எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதுவும் அதே அறிக்கையில்தான் இருக்கும்.