வீடு புகுந்த ஆமை

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆமை நுழைந்ததால் எந்த வீடும் கெட்டதாக இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் வீடு நுழைந்ததால் கெட்டுப்போன ஆமைகள் ஏராளம். அப்படிப்பட்ட ஓர் ஆமையை மறுபடி தேற்றி எடுக்க முடியுமா என்று பார்ப்போம்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பெட்டி ஆமை என்று ஒன்று இருக்கிறது. நிலத்தில் வாழ்வது. முழு வளர்ச்சி அடைந்தாலும் நீளம் சுமார் 15 செ.மீ.தான். கரும்பழுப்பு மேலோட்டில் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கோடுகளும் புள்ளிகளும் தீட்டியது போல் இருக்கும். பெயருக்குக் காரணம் அதன் அடியோடு. அடியோட்டின் குறுக்கே, கதவுக் கீல் போன்ற ஒரு மூட்டு உண்டு. ஆபத்து வந்தால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, அடியோட்டை மேல்நோக்கி மடித்து, பெட்டியை மூடுவது போல் இறுக மூடிக்கொள்ளும்.

இந்தப் பெட்டி நாய், நரியிடமிருந்து காப்பாற்றும், மனிதனிடமிருந்து காப்பாற்றாது. வேகமாக ஓடத் தெரியாத, அழகான, அடக்கமான பிராணி. காட்டோரத்தில் கண்டால் பிள்ளைகள் எடுத்து வந்துவிடுவார்கள். கடைகளிலும் விற்றார்கள். ஐரோப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியும் நடந்தது. 1990-களின் நடுவிலிருந்துதான் நாடுகளுக்கிடையே இவற்றின் வணிகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது.

இப்போது நீங்கள் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து தருகிறார்கள். அடியில் செய்தித்தாள். ஒரு மூலையில் வாடிய லெட்டூஸ் கீரை. நடுவில் ஒரு பெட்டி ஆமை. பத்து ஆண்டுகளுக்கு முன் அதை எடுத்து வந்த பையன் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டான். "இப்போதெல்லாம் சாப்பிடுவதில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். இமைகள் வீங்கி, கண்கள் மூடியிருக்கின்றன. மேல் அலகு கிளியின் மூக்கைப் போல் வளைந்து நீண்டிருக்கிறது. நகங்களும் அப்படியே. கண்ணுக்குப் பின்னால், காது இருக்க வேண்டிய இடத்தில், பட்டாணி அளவு புடைப்பு. மேலோட்டின் ஓரம் மெல்ல அழுத்தினால் சற்றே வளைகிறது. தூக்கினால் பார்க்கிற அளவுக்குக் கனமில்லை.

இத்தனையும் வெவ்வேறு நோய்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பெரும்பாலானவை இரண்டு மூன்று குறைகளிலிருந்து கிளம்பியவை.

கண்ணைப் பாருங்கள். நம் உடலிலும் ஆமையின் உடலிலும், ஈரமாக இருக்க வேண்டிய மேல்திசுக்கள் ஈரமாக இருக்க வைட்டமின் 'ஏ' வேண்டும். அது குறைந்தால் அத்திசுக்களின் செல்கள் தட்டையாகிக் கெட்டிப்பட்டு உதிர்கின்றன. கண்ணீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் அடைபடுகின்றன. இமை வீங்கிக் கண் மூடிக்கொள்கிறது. பெட்டி ஆமையோ கண்ணால் பார்த்து இரை தேடும் பிராணி. பார்க்க முடியாததால் தின்பதில்லை. தின்னாததால் வைட்டமின் இன்னும் குறைகிறது. குறைவதால் கண் இன்னும் வீங்குகிறது. பக்கத்து வீட்டார் சொன்ன "சாப்பிடுவதில்லை" என்பதன் பொருள் இதுதான்.

காதுப் புடைப்புக்கும் பெரும்பாலும் இதே குறைதான் காரணம். நடுக்காதின் உட்புறத் திசு கெட்டுப்போக, கிருமிகள் புகுந்து சீழ் கட்டுகிறது. நமக்குச் சீழ் நீராக வடியும். ஊர்வனவற்றுக்கு அப்படியல்ல, கெட்டியான பாலாடைக்கட்டியைப் போல் உறைந்து நிற்கும். தானாக வடியாது, மருந்தாலும் கரையாது. கால்நடை மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும். ஆகவே முதல் வேலை மருத்துவரிடம் போவது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவராக இருப்பது நல்லது. நீண்ட அலகையும் அவரே சீவிவிடுவார். நகவெட்டியை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்கிவிடாதீர்கள், அலகு பிளந்துபோகலாம்.

ஓடு வளைவதற்குக் காரணம் வேறு. ஆமையின் ஓடு சட்டை அல்ல, எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றுசேர்ந்துதான் மேலோடு ஆகிறது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உணவில் உள்ள சுண்ணாம்பைக் குடல் உறிஞ்ச வைட்டமின் 'டி' வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போதுதான் இந்த வைட்டமின் உண்டாகிறது. "தொட்டி ஜன்னலோரத்தில்தானே இருந்தது, வெயில் பட்டதே!" என்று பக்கத்து வீட்டார் சொல்லலாம். வெயில் பட்டது உண்மை. ஆனால் நமக்கு வேண்டிய அந்தக் கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் மட்டுமே உள்ளே வரும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? உடனே உணவை அதன் வாயில் திணிக்கத் தோன்றும். கூடாது. முதலில் தண்ணீர். உலர்ந்த செய்தித்தாளின் மேல் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஆமையின் உடலில் நீரே போதாது. புரத உணவு செரித்தபின் மிஞ்சும் கழிவைச் சிறுநீரகம் வெளியேற்ற நீர் தேவை. நீரில்லாத உடலில் உணவை ஏற்றுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒரு பிளாஸ்டிக் தட்டில் இளஞ்சூடான தண்ணீர் ஊற்றுங்கள். ஆமையின் தாடை வரை இருந்தால் போதும். பெட்டி ஆமைக்கு நீச்சல் அவ்வளவாக வராது. பலவீனமான ஆமை ஆழத்தில் மூழ்கிவிடும். தினம் 15 அல்லது 20 நிமிடம் அதில் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். முதல் நாள் அசையாமல் கிடக்கலாம். பிறகு ஒரு நாள் கழுத்தை நீட்டி மூக்கை நீரில் அமிழ்த்தி, தொண்டை ஏறி இறங்கக் குடிக்கும். பல நிமிடம் குடிக்கும் ஆமையும் உண்டு. நீரைக் கழித்தும் விடும். அருவருக்க வேண்டாம், சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

அடுத்தது சூடு. ஆமை குளிர்இரத்தப் பிராணி. நமக்குக் காய்ச்சல் வந்தால் உடலே சூட்டை ஏற்றிக் கிருமியோடு போரிடுகிறது. ஆமையால் அது முடியாது. சூடான இடத்துக்கு நடந்துபோக மட்டுமே முடியும். குளிர்ந்த உடலில் செரிமானம் நடக்காது, மருந்தும் சரியாக வேலை செய்யாது. எனவே பெரிய, ஆழமான பெட்டி ஒன்றின் ஒரு மூலைக்கு மேல் விளக்கைத் தொங்கவிடுங்கள். விளக்கடியில் 29 டிகிரி செல்ஷியஸ் அளவும், மறுகோடியில் 24 அளவும் இருக்கட்டும். எங்கே இருப்பது என்பதை ஆமையே தீர்மானிக்கும். புற ஊதாக் கதிர் தரும் தனி விளக்கும் வேண்டும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்போதே அதன் கதிர் மங்கிப்போகும். நம் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் ஓராண்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

தரைக்குச் செய்தித்தாள் வேண்டாம். மண்ணும் ஈர இலைச்சருகும் ஒரு சாண் உயரத்துக்குப் போடுங்கள். ஆமை அதைத் தோண்டி உள்ளே புதைந்துகொள்ளும். "ஒளிந்துகொள்கிறதே, பயமா?" என்று தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள். காட்டில் அது தூங்குவதே அப்படித்தான்.

இனி உணவு. காட்டில் பெட்டி ஆமை கிடைப்பதையெல்லாம் தின்னும்: மண்புழு, நத்தை, வண்டு, உதிர்ந்த பழம், காளான். நமக்கு விஷமான சில காளான்களைக்கூடத் தின்று செரித்துவிடுகிறது! அதற்குப் போய் வெறும் லெட்டூஸ் கீரையை, அதுவும் பெரும்பாலும் நீராலான கீரையைப் பத்து ஆண்டு கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் பெட்டிக்குள் மழை பெய்வது போல் நீரைத் தெளியுங்கள். மழைக்குப் பின் இரை தேடக் கிளம்புவது இதன் வழக்கம். பிறகு மூக்கின் அருகே ஒரு மண்புழு. நெளிவதைக் கண்டால், கண் ஒரு கோடளவு திறந்திருந்தாலும், ஆமை தலையைச் சாய்த்துப் பார்க்கும். பாய்ந்து கவ்வ நாட்களாகலாம், வாரங்களும் ஆகலாம். தின்னத் தொடங்கியபின் வேகவைத்த சர்க்கரைவள்ளி, பூசணி, காரட் ஆகியவற்றைப் பழத்தோடு மசித்துக் கலந்து கொடுங்கள். வைட்டமின் 'ஏ' இவ்வாறு மெல்ல ஏறுவதே நல்லது. சொட்டுமருந்தை அளவின்றி ஊற்றினாலோ, ஊசி மிகுந்துபோனாலோ தோல் உரிந்து புண்ணாகிவிடும். குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை எடையைக் கிராமில் எழுதுங்கள், வரைபடமாகவும் போடலாம். முதல் வாரம் கோடு சட்டென்று ஏறும். மகிழ்ந்துவிடாதீர்கள். அது சதை அல்ல, குடித்த தண்ணீர். ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவ மறக்க வேண்டாம். ஆமைகள் சால்மனெல்லா என்ற கிருமியைச் சுமப்பவை. குழந்தைகளுக்கு அது பரவியதால்தான், 1975-இல் அமெரிக்க அரசு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது.

ஆறேழு மாதத்தில் கண் தெளியும். காது ஆறும். ஓடு கெட்டிப்படும். ஆனால் கோணலான ஓடு நேராகாது. அந்த வடிவம் வாழ்நாள் முழுதும் இருக்கும்.

தேறியதும் காட்டில் விட்டுவிடலாமே என்பீர்கள். இங்கேதான் எனக்கு மனம் சங்கடப்படுகிறது. லூசில் ஸ்டிக்கல் என்ற பெண் விஞ்ஞானி மேரிலாந்து மாநிலத்தின் பட்டுக்சென்ட் காட்டில் 1944 முதல் இந்த ஆமைகளை ஆராய்ந்தார். ஓட்டின் மேல் ஒரு நூற்கண்டைப் பொருத்திவிடுவார். ஆமை நடக்க நடக்க நூல் அவிழும். நூலைப் பிடித்துக்கொண்டே போனால் அது போன வழி தெரியும். சுமார் 100 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் வாழ்வதை அவர் கண்டார். தண்ணீர் எங்கே, பழம் எங்கே என்று அவ்வட்டத்தின் ஒவ்வொரு மூலையும் ஆமைக்குத் தெரியும். நம் ஆமையின் வட்டம் எது? பத்து ஆண்டுக்கு முன் எந்தக் காட்டோரத்தில் எடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வேறிடத்தில் விட்டால் ஊர் தேடி அலைந்து சாலையில் நசுங்கும். வீட்டில் பிடித்த நோயைக் காட்டு ஆமைகளுக்கும் பரப்பலாம்.

(நம் நட்சத்திர ஆமைக்கும் இதே கதிதான். வீட்டில் வளர்ப்பதே இந்தியாவில் சட்டப்படி குற்றம். எங்காவது கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீங்களே கொண்டுபோய் ஏரியில் விடாதீர்கள். அது நிலத்து ஆமை, மூழ்கிவிடும்.)

ஆகவே நம் பெட்டி ஆமைக்குத் தோட்டத்தில் ஒரு வேலி. பலகையை 30 செ.மீ. மண்ணுக்குள் புதைத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தோண்டி வெளியேறிவிடும். உள்ளே நிழலுக்குப் புதர், ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு, சருகு. முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே சூட்டில் வைத்திருங்கள். சேமித்த சத்தில்லாத ஆமை குளிருறக்கத்திலிருந்து எழாமலே போகலாம். அடுத்த ஆண்டு இலை உதிரும் காலத்தில் அது தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கும். வசந்தத்தில், ஒரு மழைக்குப் பின், மூக்கில் மண்ணோடு மேலே வரும்.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். பெட்டி ஆமைகள் 50 ஆண்டைத் தாண்டுவதுண்டு. நூறைத் தொட்டவையும் இருக்கின்றன. நீங்கள் கல்லூரிக்குப் போகும்போது ஆமையை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.