தலையில் படும் அடியை இலேசாகக் கொள்ளலாகாது

2019 ஓகஸ்ட் மாதம் லோர்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்ற டெஸ்ட் போட்டியில், ஜொப்ரா ஆச்சர் வீசிய பந்து அவுஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. நிலத்தில் வீழ்ந்த அவர் களத்தை விட்டு வெளியேறினார். பரிசோதனைகளில் குறை எதுவும் காணப்படாததால் அன்றைய தினமே மீண்டும் வந்து துடுப்பெடுத்தாடினார். ஆனால் மறுநாள் காலையிலேயே அறிகுறிகள் தென்பட்டன. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் களமிறக்கப்பட்டார். மூளை அதிர்வுக்குள்ளான வீரருக்கு மாற்றாக டெஸ்ட் போட்டியொன்றில் துடுப்பெடுத்தாடிய முதலாவது வீரர் அவரே.

உலகத் தரம் வாய்ந்த வைத்தியர்கள் அருகிலிருந்தும் முதல் நாளில் புலப்படாத பாதிப்பு, நமது பாடசாலை மைதானங்களிலும் வீதிகளிலும் எவ்வளவு எளிதாகக் கவனத்திலிருந்து தப்பிவிடும் என்பது சிந்திக்கத்தக்கது.

மூளையானது மண்டையோட்டினுள் திரவத்தால் சூழப்பட்டுள்ளது. தலையோ உடலோ திடீரெனக் குலுங்கும்போது மூளையும் அசைந்து முறுக்குறுகின்றது. இதனால் நரம்புக் கலங்களின் செயற்பாடு தற்காலிகமாகக் குழம்புகின்றது. இதுவே மூளை அதிர்வாகும். மண்டையோடு உடைய வேண்டியதில்லை, நினைவிழக்க வேண்டியதுமில்லை. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை. சி.ரி. ஸ்கான் படமும் வழமைபோலவே தோன்றக்கூடும். தலைக்கவசம் உயிர் காக்கும் கவசம் என்பதில் ஐயமில்லை. எனினும் உள்ளே மூளை குலுங்குவதை அது முற்றாகத் தடுத்துவிடாது.

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சத்தையும் ஓசையையும் பொறுக்க முடியாமை, மறதி, எரிச்சல், உறக்கக் குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகளாகும். தலைவலி தீவிரமடைதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, பேச்சுக் குளறல், கை கால் பலவீனம், எழுப்பியும் எழாத உறக்கம் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படின், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூளையினுள் இரத்தக்கசிவு ஏற்பட்டிருப்பதை அவை உணர்த்தலாம்.

இருண்ட அறையில் நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்று கைவிடப்பட்டுள்ளது. முதல் 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை ஓய்வு. பின்னர் மெதுவான நடை. அதன்பின் படிப்படியாகப் படிப்பும் தொழிலும் என்பதே இன்றைய முறை. வளர்ந்தோரில் அநேகர் இரு வாரங்களிலும், சிறுவர்கள் நான்கு வாரங்களளவிலும் குணமடைகின்றனர்.

அடிபட்ட அன்றே எவரும் மீண்டும் விளையாடலாகாது. முழுமையாகக் குணமடையுமுன் விழும் இரண்டாவது அடி, அரிதாக எனினும், மூளை வீங்கி உயிரைப் பறிக்கவல்லது. லோர்ட்ஸில் பாதிக்கப்பட்ட ஸ்மித் அடுத்த டெஸ்ட் போட்டியில் விளையாடவில்லை. அதற்கடுத்த போட்டியின் முதல் இன்னிங்ஸில் அவர் பெற்ற ஓட்டங்கள் 211.

கௌரவக் கிண்ணத்துக்காக அடிபட்ட மாணவனை மீண்டும் களமிறக்கத் துடிக்கும் பயிற்றுநர்களும், பரீட்சை நெருங்குகின்றதெனப் பிள்ளையைப் புத்தகத்தின் முன் அமர்த்தும் பெற்றோரும் இதனை மனங்கொள்வார்களாக. ஒரு போட்டியை இழக்கலாம். ஒரு பிள்ளையை இழக்க முடியாது.