ஏ.ஐ. கடைக்குள் வந்துவிட்டது: ஊழியர்களைத் தயார்படுத்தி விட்டோமா?



நம்மவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் டொலர் விலைக்கும் கொள்கலன் கட்டணத்திற்கும் அடுத்ததாக இப்போது பேசப்படுவது ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு பற்றித்தான். 2022 நவம்பர் இறுதியில் சட் ஜிபிடி வெளிவந்தபோது அது படிக்கும் பிள்ளைகளின் சமாச்சாரமாகவே இருந்தது. இன்று அது கடைக்குள் வந்துவிட்டது. இன்வொய்ஸைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் பொருட்பட்டியல் தயாரித்துத் தருகிறது. சீனாவிலிருந்து வரும் செய்தியை மொழிபெயர்க்கிறது. வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய பதிலைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கிறது.

இதைக் கண்டதும் முதலாளிமாரில் பலர் கேட்கும் முதற் கேள்வி, "இதனால் எத்தனை ஆட்களைக் குறைக்கலாம்?" என்பதாகும். ஊழியர்களின் மனதிலும் அதே கேள்விதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. இரு தரப்பும் இப்படி மனதுக்குள் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கும் கடையில் எந்தப் புதிய சாமானும் பலன் தராது.

இந்த வாரம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உங்கள் கடையில் பதினைந்து, இருபது வருடங்களாக இருக்கும் பழைய ஊழியர்தான் ஏ.ஐ. யோடு சேர்ந்து வேலை செய்ய மிகவும் தேவையானவர். ஏன் என்பதையும், அவரை எப்படித் தயார்படுத்துவது என்பதையும் பார்ப்போம்.

மீற்றரா, யாரா?

எனக்குத் தெரிந்த புடவை மொத்த வியாபாரி ஒருவரின் கடையில் நடந்தது இது. உயர்தரம் முடித்த அவரது மகன் கெட்டிக்காரப் பிள்ளை. வந்திறங்கிய சரக்கின் இன்வொய்ஸை ஏ.ஐ. யிடம் கொடுத்து இரண்டு நிமிடத்தில் விலைப்பட்டியல் எடுத்துவிட்டார். ஒரு வகைத் துணி 1,000 மீற்றர், அடக்க விலை மீற்றர் 450 ரூபா என்று பட்டியலில் இருந்தது. 30 ரூபா இலாபம் வைத்து 480 ரூபாவுக்குக் கொடுக்கலாம் என முடிவானது.

அந்தக் கடையில் 20 வருடங்களுக்கு மேல் துணி அளந்து கொடுக்கும் நானா ஒருவர் இருக்கிறார். ஒரு ரோலை விரித்து அளந்துவிட்டு, "தம்பி, ரோலில 50 எண்டு போட்டிருக்கு. அளந்தா 46 மீற்றரும் வரல்ல. இது யார் கணக்கு" என்றார். இன்வொய்ஸை எடுத்துப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. யார் என்றிருந்ததை இயந்திரம் மீற்றர் என்று போட்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு யார் என்பது 0.9144 மீற்றர். யார் 450 ரூபா என்றால் மீற்றரின் உண்மையான அடக்க விலை 492 ரூபா. அதை 480 ரூபாவுக்கு விற்றால் மீற்றருக்கு 12 ரூபா நட்டம். 450,000 ரூபா சரக்கில் ஏறத்தாழ 11,000 ரூபா கைநட்டம். வியாபாரம் மும்முரமாக நடக்கும், ரோல்கள் வேகமாகப் போகும், வருட முடிவில்தான் கை கடிப்பது தெரியவரும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டியலைப் பார்த்த எவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை என்பதாகும். கூட்டல் சரி, பெருக்கல் சரி, எழுத்தும் அழகு. ஏ.ஐ. பிழை விடும்போது தடுமாறுவதில்லை. சரியானதைச் சொல்லும் அதே தோரணையில்தான் பிழையானதையும் சொல்லும். பட்டியலை மாத்திரம் பார்ப்பவர் இதைப் பிடிக்க முடியாது. சரக்கைத் தொட்டுப் பழகியவர்தான் பிடிக்க முடியும்.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட், எம்.ஐ.டி. ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர்கள் மூவர் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மென்பொருள் கம்பனியொன்றின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஏ.ஐ. துணையோடு வேலை செய்தபோது சராசரியாக நூற்றுக்கு 14 வீதம் வேலை கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கோ அது 34 வீதமாக இருந்தது. அனுபவசாலிகளின் வேலையில் பெரிய மாற்றம் இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால், "அப்படியானால் சம்பளம் குறைந்த புதியவர்களே போதும்" என்று தோன்றும். காரணத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மிகத் திறமையான ஊழியர்கள் வாடிக்கையாளரோடு பேசிய முறையைத்தான் அந்த இயந்திரம் கற்று, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதாவது புதியவருக்குக் கிடைத்தது பழையவரின் அனுபவம்.

நமது கடைகளில் அந்த அனுபவம் எந்தக் கம்பியூட்டரிலும் இல்லை. எந்த ஊர்க் கடைக்காரர் திகதி போட்டுத் தரும் செக் தவறாமல் மாறும், யாருடைய செக்கை வங்கியில் போடுமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், பெருநாள் சீசனுக்கு எந்த நிறம் அம்பாறைப் பக்கம் ஓடும், எது கண்டிப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் அந்தப் பழைய ஊழியரின் தலைக்குள்தான் இருக்கின்றன. அவர் சொன்னால்தான் அதைப் பதிவு செய்யலாம், புதியவருக்கும் இயந்திரத்துக்கும் கொடுக்கலாம்.

அவர் ஏன் சொல்ல வேண்டும்? தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்த அடுத்த மாதமே ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், மற்றவர்கள் அதன் பிறகு வாய் திறப்பார்களா? ஆகவே ஊழியர்களைத் தயார்படுத்துவது முதலாளி கொடுக்கும் வாக்கில்தான் ஆரம்பமாக வேண்டும்.

ஆட்குறைப்பு அவ்வளவு இலேசானதல்ல

வாக்குறுதி ஒரு புறமிருக்க, சட்டமும் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தொழிலாளர் சேவையை முடிவுறுத்தல் பற்றிய சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இன்றி ஒருவரை நிறுத்துவதானால் அவரது எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். "இயந்திரம் வந்துவிட்டது, நாளை முதல் வர வேண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்ப முடியாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, அத்தகைய இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியர் விலகும்போது வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கொடுக்க வேண்டும். 20 வருடம் இருந்தவருக்கு அது பத்து மாதச் சம்பளம்.

உங்களிடம் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள், இந்தச் சட்டங்கள் பொருந்தாது என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் ஊழியரின் வியர்வைக்குரிய ஹக்கு பற்றி நமது மார்க்கம் சொல்லியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதினைந்து பேர் என்ற கணக்குக் கிடையாது.

பிழை விட்டால் யார் பொறுப்பு?

கனடாவில் நடந்த ஒரு வழக்கு நமக்குப் பாடமாகும். எயார் கனடா விமான சேவையின் இணையத்தளத்தில் இருந்த தானியங்கி உரையாடல் முறை, பாட்டியை இழந்த ஒரு பயணியிடம், முழுக் கட்டணத்துக்கு டிக்கட் எடுத்துவிட்டு துக்க வீட்டுச் சலுகைக்குப் பின்னர் விண்ணப்பிக்கலாம் என்று பிழையாகச் சொல்லிவிட்டது. அப்படிச் சலுகை தர முடியாது என்று கம்பனி மறுத்தது. அந்த உரையாடல் முறையின் சொல்லுக்குத் தாம் பொறுப்பில்லை என்றும் வாதிட்டது. 2024 பெப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடிய டொலரைப் பயணிக்குச் செலுத்துமாறு உத்தரவிட்டது. தொகை சிறியது, செய்தி பெரியது. உங்கள் கடையின் பெயரில் இயந்திரம் சொன்ன விலை, நீங்கள் சொன்ன விலையாகவே கொள்ளப்படலாம்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் சூரா அல்பகராவின் 282ஆம் வசனமாகும். அது பேசுவது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றித்தான். எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகளும் இருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. எழுதுவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. ஏ.ஐ. எழுதித் தரும், ஆனால் சாட்சி சொல்ல வராது. அந்த இடத்தில் ஒரு மனிதர் நிற்க வேண்டும். அந்த மனிதரை உருவாக்குவதுதான் நமது வேலை.

என்ன செய்யலாம்?

1. முதலில் பேசுங்கள். எந்த வேலைக்கு ஏ.ஐ. யைப் பாவிக்கப் போகிறீர்கள், எதற்குப் பாவிக்க மாட்டீர்கள், யாருடைய வேலை எப்படி மாறும் என்பதை எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லுங்கள். ஒருவரையும் நிறுத்துவதில்லை என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள்.

2. ஒரு வேலையோடு தொடங்குங்கள். விலைப்பட்டியலோ, வாடிக்கையாளருக்கான பதிலோ, ஏதாவது ஒன்று. மூன்று மாதம் அது சரியாக நடந்த பிறகு அடுத்தது. கடன் கொடுப்பதா இல்லையா என்ற முடிவை மாத்திரம் இயந்திரத்திடம் விடாதீர்கள்.

3. இளையவரையும் மூத்தவரையும் சோடி சேருங்கள். இளையவருக்குக் கை வேகம், மூத்தவருக்குக் கண் அனுபவம். இளையவர் தயாரித்ததில் மூத்தவர் ஒப்பமிட்ட பிறகே அது வெளியே போக வேண்டும். 55 வயதுக்காரரை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யச் சொல்லி வெட்கப்படுத்தத் தேவையில்லை. கேட்க வேண்டியதை அவர் தமிழில் சொல்லட்டும், இளையவர் தட்டட்டும்.

4. பார்க்க வேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதி கவுண்டரில் ஒட்டுங்கள். அலகு, எண்ணிக்கை, விலை, திகதி, பெயர் ஆகிய ஐந்தும் போதும். யாரா மீற்றரா, டசினா குரோஸா, கிலோவா இறாத்தலா என்பதை மூல இன்வொய்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிங்களத்தில் எழுதிய பதிலைச் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் வாசித்த பின்னரே அனுப்ப வேண்டும்.

5. எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கடன்காரர் பட்டியல், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு விபரம், ஊழியர் சம்பளம் ஆகியவற்றை இலவச ஏ.ஐ. சேவைகளில் போடவே கூடாது. சம்சுங் கம்பனியின் ஊழியர்கள் இரகசிய மென்பொருள் குறிப்புகளைச் சட் ஜிபிடியில் போட்டுவிட்டதால், 2023 மே மாதம் அந்தக் கம்பனி தனது கம்பியூட்டர்களில் இத்தகைய சேவைகளைத் தடை செய்தது. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரின் கடன் விபரம் நம்மிடம் உள்ள அமானிதம் என்று சொன்னால், சட்டம் தெரியாத ஊழியருக்கும் விளங்கும்.

6. பயிற்சியை வேலை நேரத்தில் கொடுங்கள். இஷாவுக்குப் பிறகு களைத்துப் போன பிள்ளையைப் பிடித்து வைத்துப் பாடம் நடத்தினால் அது தலையில் ஏறாது. வியாபாரம் மந்தமான நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மிச்சமாகும் நேரத்தால் வரும் இலாபத்தில் ஒரு பங்கு, சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றவரின் சம்பளத்திலும் தெரிய வேண்டும்.

7. கை வேலையை மறக்க விடாதீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்த கடைகள் திறந்திருந்தன. மாதத்தில் ஒரு நாளாவது இயந்திரம் இன்றி விலை போட்டுப் பழகட்டும்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. கொழும்பிலிருந்து ஆலோசகரைக் கூப்பிடவும் தேவையில்லை. இந்த வாரம் கடை சாத்துவதற்கு முன்னர் உங்கள் பழைய ஊழியரை அழைத்து ஒரு பிளேன்டீ கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். நமது கடையில் அடிக்கடி பிழை நடப்பது எங்கே? அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? இதைச் சொல்லிக் கொடுக்க யாரைத் தரட்டும்? அவர் சொல்வதை எழுதி வையுங்கள். உங்கள் கடைக்குரிய ஏ.ஐ. பயிற்சிப் புத்தகத்தின் முதற் பக்கம் அதுதான்.

அடுத்த வாரம் இன்ஷா அல்லாஹ் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.